கோழிக்குள் வைத்த மரு

தம்பி ராசா,

நேற்றுப் பின்னேரம் நீ கண்டியிலிருந்து போன் எடுத்தபோது வீடு முழுக்கச் சனம். உன் பெரியம்மா பயத்தம் பணியாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தாள், அம்மா கூறைச் சேலையின் கரையைப் பக்கத்து வீட்டாருக்கு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், கதிரை முழுக்கச் சாமான். அந்தச் சத்தத்துக்குள்தான் நீ கேட்டாய்: "அப்பா, கலியாணப் பதிவுப் பாரத்தில தகப்பன்ட தொழில் எண்டு ஒரு கட்டம் கிடக்கு. வழக்கம்போல வியாபாரம் எண்டு போடட்டா?" கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாய். "எழுதி அனுப்பிறன்" என்றேன். "ஒரு சொல்லுக்குக் கடிதமா அப்பா?" என்று சிரித்தாய். ஓம், கடிதம்தான். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் கிடக்கிற கதையை நான் இவ்வளவு காலமும் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. இன்னும் மூன்று கிழமையில் நீ மாப்பிள்ளை. இப்போது சொல்லாமல் எப்போது சொல்வது? விடிந்ததும் தேத்தண்ணி கூடக் குடிக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

நம் பல்கனியில் பால்மா டின்னில் நிற்கிற செடியை உனக்குத் தெரியும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் உப்புப் பிடித்து வாடும், அம்மா தண்ணீர் தெளித்துத் தேற்றுவாள், பிறகு துளிர்க்கும். சின்ன வயதில் அது என்ன என்று கேட்டபோது சாமிக்கு வைக்கிற மரு என்று சொன்னோம். அது பொய்யில்லை. ஆனால் அதில் பாதிதான் உண்மை. உனக்கு உயிரான கட்லட்டில், நீ காய்ச்சலாகக் கிடந்த நாட்களில் குடித்த உருளைக்கிழங்கு சூப்பில், அந்தச் செடிதான் இருந்தது. "என்னப்பா இது, கடைக் கட்லட்டில இந்த வாசம் இல்லையே" என்று நீ கேட்பாய். "கைப்பக்குவம்" என்பேன். கைப்பக்குவம் என்ன கைப்பக்குவம், மருதான்!

நீ பிறப்பதற்கு முந்திய கதை இது. எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்தில் கோயிலுக்கு மாலை கட்டுகிற குடும்பம் என்று உனக்குத் தெரியும். எனக்கு வேறு தொழில் தெரியாது. மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் நடுவில் பச்சைக்காக மரு வைத்துக் கட்டுவோம், சின்னச் சின்ன முட்டை வடிவ இலை, தொட்டால் மெத்தென்று இருக்கும். சாமிக்குப் போகிற பூவை மோந்து பார்க்கக் கூடாது. முதல் வாசம் சாமிக்கு. நான் ஏழு வயதில் நார் பிடிக்கப் பழகிய நாளிலிருந்து ஒரு பூவைக்கூட மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனது இல்லை. ஆனால் இலையைக் கிள்ளிக் கிள்ளிக் கட்டினால் வாசம் விரலில் ஏறிவிடும், சும்மா கழுவினால் போகாது. மத்தியானம் சோற்றைக் குழைத்து வாயில் வைக்கும்போது அந்த வாசமும் சேர்ந்து போகும். அதனால் மருவை நான் மூக்கால் அறியவில்லை, என் கையால் சாப்பிட்ட சோற்றால்தான் அறிந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள், கதை இதில்தான் திரும்பப் போகிறது.

ஷெல்லுக்குப் பயந்து நானும் அம்மாவும் கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்தோம். நீ அப்போது அம்மாவின் வயிற்றில். வடக்கிலிருந்து வந்தவர்கள் எதற்காகக் கொழும்பில் நிற்கிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டும், காரணம் காட்ட வேண்டும். மருத்துவம் என்று சொல்லி இரண்டு முறை நாள் வாங்கினேன். மூன்றாவது முறை அந்த அதிகாரி, நல்ல மனுசன்தான், பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "திங்கட்கிழமை மத்தியானத்துக்குள்ள வேலை செய்யிற இடத்துக் கடிதம் கொண்டு வாங்க. இல்லாட்டி ஊருக்குப் போகத்தான் வேணும்." ஊருக்கு என்றால் எப்படி? ரயில் பாதி வழிதான் போகும், மிச்சத்துக்கு லொறியும் நடையும். அம்மாவுக்கு ஏழாம் மாதம், கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. அன்றைக்கு முழுக்க அவள் கட்டிலில் இருந்து உன்னைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரம் நான் வெள்ளவத்தையில் டொரின் மிஸ்ஸியின் விருந்தினர் விடுதியில் ஒரு மாதமாக எடுபிடி வேலை. வெங்காயம் உரிப்பது, சட்டி கழுவுவது. சமையல்காரர் அந்தக் கிழமைதான் மத்திய கிழக்குக்குப் போய்விட்டார். மிஸ்ஸி பறங்கியர், உயரமான மனுசி, பூப்போட்ட கவுன், சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே வசனத்தில் வரும். நான் கடிதம் கேட்டேன். "எடுபிடிக்கெல்லாம் நான் கடிதம் குடுக்கமாட்டன் மேன். நாளைக்கு ஞாயிறு, என்ட தங்கச்சி குடும்பம் லஞ்சுக்கு வருது. ரோஸ்ட் நீ செய். நல்லா வந்தா நீதான் குக், கடிதம் தாறன்" என்றார். ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் செய்முறை எனக்குத் தெரியும்: கோழியின் வயிற்றுக்குள் பாண் தூளும் வெங்காயமும் பட்டரும் பிசைந்து அடைத்து, தைத்து, அவன் என்கிற பெட்டி அடுப்பில் வைக்க வேண்டும். அதற்குள் ஒரு காய்ந்த இலைத் தூள் போட வேண்டும். அது மிஸ்ஸியின் மகன் அவுஸ்திரேலியாவிலிருந்து அனுப்புகிற டின்னில் வரும். மிஸ்ஸி அலுமாரியைத் திறந்து டின்னை எடுத்துக் குலுக்கினார். சத்தமே இல்லை. "ஐயோ, மார்ஜரம் முடிஞ்சுது! பார்சலும் வரேல்ல. அது இல்லாட்டி ரோஸ்ட் இல்லை மேன், சும்மா கோழி."

நான் அந்த வெறும் டின்னை வாங்கி மூடியைத் திறந்தேன். தம்பி, அந்தக் கணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது! என் மத்தியானச் சோறு அந்த டின்னுக்குள் இருந்தது. எங்கள் வீட்டு முற்றம், வாழைநார், ஈரச் சாக்கு, எல்லாம். கடல் கடந்து வந்த மார்ஜரம் என்று மிஸ்ஸி பொத்திப் பொத்தி வைத்திருந்தது எங்கள் மரு! "மிஸ்ஸி, இது கொட்டாஞ்சேனையில கிடைக்கும்!" என்று கத்திவிட்டேன். அவர் நம்பவில்லை. "கொண்டு வா பாப்பம்" என்றார். நான் பஸ்ஸில் நின்றபடியே சிரித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் நின்றவர் தன் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

கோயில் வாசலில் மாரியக்காவின் பூக்கடை. மலைநாட்டு மனுசி, வாய் ஓயாது, கையும் ஓயாது. மரு வேண்டும் என்றேன். "சாமிக்குத்தானே?" என்று கேட்டாள். இங்கேதான் நான் முதல் பிழை விட்டேன். கோயில் வாசலில் நின்றுகொண்டு, மாலை கட்டுகிற குடும்பத்தில் பிறந்தவன், கோழி வயிற்றுக்குள் அடைக்க என்று எப்படிச் சொல்வேன்? வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஓம், சாமிக்குத்தான்" என்றேன். "அப்ப சரி, மேலேருந்து லாரி வரலைங்க, மரு கொஞ்சந்தான் கெடக்கு. மரிக்கொழுந்தும் கலந்து தர்றேன், சாமிக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று வாழை இலையில் சுற்றித் தந்தாள். கோழிக்கு என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அவள் மரிக்கொழுந்தைத் தொட்டிருக்கவே மாட்டாள்.

ஞாயிறு காலை பொதியைப் பிரித்தேன். மரு ஒரு பிடி. சாம்பல் பச்சையில் நூல் நூலாகக் கீறிய மரிக்கொழுந்து இரண்டு பிடி. இரண்டையும் எனக்குப் பிரித்துத் தெரியாதா என்ன, கண்ணை மூடினாலும் தெரியும். பிரித்து வைத்திருக்கலாம். ஆனால் என் புத்தி மாலை கட்டுகிறவனின் புத்தி. மாலையில் இரண்டும் சேர்ந்தால்தான் வாசம் தூக்கும். மரு மட்டும் வைத்தால் நல்லது, மரிக்கொழுந்தும் சேர்ந்தால் அதைவிட நல்லது என்று இரண்டையும் நறுக்கிப் பாண் தூளில் போட்டுப் பிசைந்தேன். அடுப்படி கமகமத்தது. ஒரு துளி வாயில் போட்டுப் பார்த்தேனா? இல்லை. படைக்கிறதை முதலில் வாயில் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லையே. கோழியைத் தைத்து அந்தப் பெட்டி அடுப்பில் வைத்துவிட்டு, கடிதத்தை வாங்கிக்கொண்டு அம்மாவிடம் எப்படிப் போய் நிற்பேன் என்று கற்பனை செய்துகொண்டு நின்றேன். உனக்குப் பெயர்கூட யோசித்தேன், அவ்வளவு துள்ளல்!

மேசையில் கோழி பொன்னிறமாக இருந்தது. மிஸ்ஸியின் தங்கை முதல் வாயை வைத்தார், துவாயை எடுத்து அதற்குள் துப்பினார். தங்கையின் புருசன் தண்ணீர்க் கிளாசை ஒரே மூச்சில் முடித்தார். மரிக்கொழுந்து வாசத்தில் ராசா, வாயில் வேப்பிலை! மிஸ்ஸி அடுப்படிக்குள் வந்தார். "என்ன மேன் போட்டது?" பட்டர் பழசு, கோழி பழசு என்று ஏதாவது சொல்லலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஏனோ வரவில்லை. "மரு மட்டும் போட்டிருக்கோணும் மிஸ்ஸி. நான் பேராசைப்பட்டு மற்றதையும் போட்டுட்டன். ருசி பாக்கேல்ல" என்றேன். "ருசி பாக்காத குக்கா?" என்றார். அவ்வளவுதான். கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சட்டிகளைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தேன். திங்கட்கிழமை மத்தியானத்துக்கு ஒரு இரவும் ஒரு காலையும்தான் மிச்சம்.

நேரே மாரியக்காவிடம் போனேன். கடையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை முட்டியது, கோபமும் முட்டியது, எல்லாவற்றையும் கொட்டினேன். "அக்கா, நேற்று வாங்கினது சாமிக்கு இல்லை. கோழிக்கு." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளே ஒரு சிரிப்பு! பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அட கூறுகெட்ட மனுசா, மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுதானே! வாயி திங்கிறதுக்கு எவனாச்சும் மரிக்கொழுந்து வாங்குவானா?" சிரிப்பு அடங்கியதும் பொலிஸ் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன், அம்மாவின் காலைப் பற்றிச் சொன்னேன். அவள் கடைக்குப் பின்னால் போய், தன் தலைக்கு வைக்க என்று பால்மா டின்னில் வளர்த்திருந்த மருச் செடியை அப்படியே தூக்கி வந்தாள். "காசெல்லாம் வேணாம். புள்ள பொறந்தா கொண்டாந்து காட்டுங்க."

லொட்ஜ் அறையில் அம்மா அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டாள். நான் சொல்லி முடிக்குமுன் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். "கைக்கேல்ல. இனிக்குது, பிறகு மெல்லிசா உறைக்குது. வாயில போட்டுப் பாருங்கோ" என்றாள். நான் தயங்கினேன். "பாருங்கோ எண்டுறன்! இனி என்னத்துக்கு வெக்கம்?" என்று தானே ஒரு இலையை என் வாயில் திணித்தாள். முப்பது வயதில், வாழ்க்கையில் முதல் முறையாக மருவை மென்றேன். எத்தனை ஆயிரம் கட்டுக் கட்டியிருப்பேன், இந்த ருசி எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. அம்மா இன்னொரு இலையையும் தின்றாள். ஆகவே ராசா, மருவை நீ எனக்குச் சற்று முந்தியே சாப்பிட்டுவிட்டாய்.

திங்கள் காலை முதல் பஸ். மிஸ்ஸி எழும்பி வருவதற்குள் சட்டியில் பட்டர் உருகிக்கொண்டிருந்தது. முட்டை மூன்று, உப்பு, மிளகு, அவ்வளவுதான். முட்டை இறுகுகிற கடைசி நேரத்தில் மரு இலை ஏழெட்டைக் கையால் கிள்ளிப் போட்டேன். முதலே போட்டால் வாசம் சூட்டில் ஓடிவிடும் என்று என் மூக்கு சொன்னது. இந்த முறை ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்து நானே முதலில் தின்றேன், பிறகுதான் தட்டில் வைத்தேன். மிஸ்ஸி முகம் கொடுக்காமல் உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். மென்றார். முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். என் உயிர் போய் வந்தது. "தவ எகக்" என்றார். இன்னும் ஒன்று! நான் ஓடினேன். இரண்டாவதையும் முடித்தார். "தவ எகக்!" மூன்றாவதை மென்றுகொண்டே தட்டச்சு மெசினை மேசைக்கு இழுத்துக் கடிதத்தைத் தட்டினார். தாளின் ஓரத்தில் பட்டர்க் கறை. அந்தக் கறையோடுதான் பதினொரு மணிக்குப் பொலிசில் கொடுத்தேன். அதிகாரி வாசித்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார்: "குக்." பதிவில் எழுதிக்கொண்டார். நீ வடக்கு ரோட்டில் எங்கோ ஒரு லொறியில் பிறக்காமல் கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்தது அந்த ஒரு சொல்லால்.

பிறகு நான் அந்த இலையைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. விடுதியில் தங்கிய ஒரு ஜெர்மன் என்ஜினியர் அதைக் கண்டதும் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். அவர் ஊரில் இறைச்சிச் சொசேஜுக்கும் உருளைக்கிழங்கு சூப்புக்கும் அது இல்லாமல் முடியாதாம். நீ குடித்த சூப் அவர் சொல்லித் தந்ததுதான். மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடியாம் அது, பீட்சாவில் தூவுகிற ஒரிகானோவுக்கு நெருங்கிய சொந்தமாம், துளசிக் குடும்பமாம். காய்ந்ததைப் போடுவதானால் பச்சையில் மூன்றில் ஒன்று போதும். அவர் சொன்ன இன்னொன்றைக் கேள், குதிப்பாய்: பழைய காலத்தில் கிரேக்க நாட்டில் கலியாண மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் தலையில் மருவைத்தான் வளையமாகச் சூட்டுவார்களாம்! சட்டிக்கும் மாலைக்கும் நான் மட்டும்தான் பாலம் போட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் எப்போதோ போட்டுவிட்டார்கள்.

இவ்வளவு சந்தோசமாகச் சொல்கிற மனுசன் பிறகு என்ன செய்தான் என்றும் சொல்ல வேண்டும். வெட்கம் திரும்பி வந்தது, தம்பி. ஊருக்கு எழுதிய கடிதங்களில் கொட்டாஞ்சேனைக் கோயிலில் மாலை கட்டுகிறேன் என்று எழுதினேன். கோழி தைக்கிற கையென்று என் ஐயாவுக்கு, உன் அப்பப்பாவுக்கு, எழுத மனம் வரவில்லை. அவர் அதை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பாரத்தில் 'வியாபாரம்' என்று எழுதினேன். ஒரு நாள் நீ வந்து, "ரீச்சர் கேட்டவ, நான் அப்பா குக் எண்டு சொன்னனான். பாரத்தில அப்படி இல்லையாம். ஆர் பொய் சொன்னது?" என்று கேட்டாய். உனக்கு ஆறு வயது. "பாரத்தில அப்படித்தான் போடோணும்" என்று அதட்டினேன். நீ தலையை ஆட்டினாய். அதற்குப் பிறகு எல்லாப் பாரத்திலும் நீயே வியாபாரம் என்று நிரப்பப் பழகிவிட்டாய், என்னைக் கேட்கவும் இல்லை. மாரியக்காவிடம் சொன்ன அதே பொய்யை உன் கையில் பேனையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. பெண்ணின் தகப்பன் வங்கியில் அதிகாரி, பாரத்தில் அவர் கட்டமும் என் கட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், அதனால்தானே நேற்றுப் போனில் கொஞ்சம் நின்றாய்? உன்னில் பிழை இல்லை. நான் பழக்கியது.

இப்போது கேள், என் திட்டத்தை. உன் மாலையை நான்தான் கட்டப் போகிறேன், கடையில் வாங்க விடமாட்டேன். மல்லிகை, ரோசா, நடுவில் மரு. மரிக்கொழுந்து ஒரு நூல்கூட இருக்காது. கழுத்தில் விழுந்ததும் நன்றாக மோந்து பார், ஐயர் முறைத்தால் முறைக்கட்டும். கலியாணம் முடிந்து இறைச்சி சமைக்கிற நாலாம் சடங்குக்குக் கோழி ரோஸ்ட், வயிற்றுக்குள் அதே செடி. எண்பதைத் தாண்டிய டொரின் மிஸ்ஸி தங்கையையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம். "உன்ட ரோஸ்ட்டை அவள் இன்னும் மறக்கேல்ல மேன், இந்த முறை நீ முதல்ல சாப்பிட்டுக் காட்டு" என்கிறார். உன் மனைவிக்கு நீ ஏதாவது சமைத்துக் கொடுத்தால், கொடுக்கத்தான் வேண்டும், ருசி பார்த்துவிட்டுக் கொடு. கெட்டுப்போனால் கெட்டுப்போனது என்று சொல். எனக்குத் தெரிந்த புத்திமதி இவ்வளவுதான்.

வியாழக்கிழமை மாரியக்காவிடம் போவேன். சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கி எங்கே போகிறாய் என்று கேட்பார்கள், பூ வாங்க என்பேன். அவள் இப்போதும் அதே இடத்தில்தான், இருபத்தைந்து வருசமாக என்னைக் கண்டால் அதே பகிடி: "சாமிக்குத்தானே?" இந்த முறை வாசலில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லப் போகிறேன், பாதி என் மகனின் கழுத்துக்கு, பாதி கோழிக்கு என்று.

அந்தக் கட்டத்தில் சமையல்காரர் என்று எழுது, ராசா. தெளிவாக எழுது. நீ கையெழுத்து வைக்கிற அன்றைக்கு நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பேன். எல்லாரும் உன் பெயரையும் பெண்ணின் பெயரையும் பார்ப்பார்கள். நான் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பேன்.

உன் அப்பா